களிம்பும் சாம்பலும்: மீட்கப்படும் உலோகம் குறித்த ஒரு சமய விசாரணை

எரிக்கப்பட்ட பொருள் எங்கே போகிறது என்னும் வினா வேதியியலுக்கு உரியது போலத் தோன்றினாலும், அதற்கு மக்கள் வழங்கிவரும் விடை பெரும்பாலும் சமயத்திலிருந்து வந்தது. வேள்வியில் அவியைத் தேவரிடம் சேர்ப்பதும், சுடலையில் உடலை ஐம்பூதங்களிடம் ஒப்படைப்பதும், திருநீற்றை உண்டாக்குவதும் தீயே ஆகையால், தீயினுள் சென்றது ஒழிந்தது அல்லது தூயதாயிற்று என்னும் எண்ணம் தமிழர் மனத்தில் ஆழப் பதிந்து, முற்றம் கூட்டிக் குவித்த சருகோடு பொலித்தீன் பையையும் பழுதான மின்கலத்தையும் சேர்த்துக் கொளுத்தும் இன்றைய வழக்கம் வரை தொடர்கிறது. ஆனால் நகரக் கழிவை எரிக்கும் உலைகளின் சாம்பலில் இரும்பும் செம்பும் அலுமினியமும் துத்தநாகமும் ஈயமும், மிகச் சிறிய அளவில் வெள்ளியும் பொன்னும் எஞ்சியிருப்பதும், அவற்றைப் பிரித்தெடுப்பது பல நாடுகளில் தனித் தொழிலாக வளர்ந்திருப்பதும் அந்த எண்ணத்தை மறுக்கின்றன. தீ எதனையும் முற்றாக ஒழிப்பதில்லை என்றால், தூய்மை என்று சமயங்கள் கூறுவது எதனை? மாசு நீங்கிற்று என்றால், நீங்கிய மாசு எங்கே நிற்கிறது? இவ்வினாக்களைச் சைவ சித்தாந்தத்தின் மலக் கோட்பாட்டைத் துணைக்கொண்டும், வெளியே எறிவதற்கு வேறிடம் இல்லாத நெடுந்தீவை நிலைக்களமாகக் கொண்டும் ஆராய்வது பயனுடையது.

பாக்குநீரிணையில், யாழ்ப்பாணக் குடாநாட்டின் தென்மேற்கே ஏறத்தாழ 50 சதுரக் கிலோமீற்றர் பரப்பில் கிடக்கும் நெடுந்தீவு, சுண்ணக்கல் அடித்தளத்தின் மேல் மெல்லிய மண் போர்த்த தட்டைத் தீவு. அங்குள்ள வளவுகளின் மதில்கள் சாந்தின்றி அடுக்கிய முருகைக்கற்களால் ஆனவை. ஒல்லாந்தர் காலத்தது என வழங்கும் கோட்டையின் இடிபாடும் அக்கல்லால் ஆனதே. கல்லும் சுண்ணாம்பும் பனையும் தீவு தானே தருபவை. உலோகம் எதுவும் அம்மண்ணில் கிடைப்பதில்லை. அரிவாள் முதல் படகு இயந்திரம் வரை, செம்புக் கம்பி முதல் கைப்பேசி வரை அங்குள்ள ஒவ்வோர் உலோகத் துண்டும் கடல் கடந்து வந்தது என்பதும், குறிகட்டுவான் இறங்குதுறைக்குத் திரும்பும் படகில் ஏற்றப்படாதவரை அது தீவிலேயே கிடக்கும் என்பதும் கழிவு பற்றிய சிந்தனைக்கு இத்தீவைத் தெளிவான சான்றாக்குகின்றன. தீவின் குடிநீரும் இதனோடு பிணைந்தது. மழைநீர் சுண்ணக்கல்லின் வெடிப்புகள் வழியே இறங்கி, உவர்நீரைவிட அடர்த்தி குறைந்திருப்பதால் அதன் மேல் ஒரு வில்லை போல மிதந்து நிற்க, சாறாப்பிட்டி போன்ற இடங்களின் நன்னீர்க் கிணறுகள் அதிலிருந்தே ஊறுகின்றன. சுண்ணக்கல் நிலத்தில் மேலே விட்டது கீழே சேரும் என்பதற்குக் குடாநாட்டின் சுன்னாகம் அண்மைக்காலச் சான்று. அங்கு மின்நிலையத்தின் எண்ணெய்க் கழிவு கிணறுகளில் கலந்தது தொடர்பான வழக்கில், 2019 ஆம் ஆண்டு உயர் நீதிமன்றம் பாதிக்கப்பட்டோருக்கு 2 கோடி ரூபாய் இழப்பீடு வழங்கப் பணித்தது.

இத்தகைய தீவுக்கு இப்போது புதிய உலோகங்கள் வருகின்றன. நெடுந்தீவு, நயினாதீவு, அனலைதீவு ஆகிய மூன்றிலும் சூரிய ஒளி, காற்று, மின்கலச் சேமிப்பு, டீசல் ஆகியவற்றை இணைத்த கலப்பு மின்திட்டத்துக்கு, 1 கோடியே 10 இலட்சம் அமெரிக்க டொலர் இந்திய நன்கொடையுடன் 2024 மார்ச்சில் ஒப்பந்தம் கைச்சாத்தானது. டீசலின் புகையையும் செலவையும் குறைக்கும் இத்திட்டம் தீவு மக்களுக்கு நன்மை தருவது என்பதில் ஐயமில்லை. எனினும் சூரியத் தகடு ஏறத்தாழ 25 ஆண்டுகளிலும் மின்கலம் அதற்கு வெகு முன்பும் உழைத்து ஓயும்போது, அவற்றிலுள்ள அலுமினியச் சட்டமும் செம்புக் கம்பியும் வெள்ளிக் கோடுகளும் ஈயப் பற்றும் தீவின் பொறுப்பாகிவிடும்.

தீ இவற்றை என்ன செய்யும் என்பதை எரியுலையின் இயக்கம் காட்டும். கொழும்பை அடுத்த மீத்தொட்டமுல்லைக் குப்பைமேடு 2017 ஏப்ரல் 14 அன்று சரிந்து 32 பேரைப் பலிகொண்ட பின்னர், எரித்தலே விடை என்னும் கருத்து இலங்கையில் வலுப்பெற்று, 2021 பெப்ரவரியில் கெரவலப்பிட்டியில் 10 மெகாவாற்றுக் கழிவெரி மின்நிலையம் திறக்கப்பட்டது. இவ்வகை உலைகளில் 850 பாகை செல்சியசுக்கு மேற்பட்ட வெப்பத்தில் தாளும் நெகிழியும் உணவுக் கழிவும் பெரும்பகுதி காபனீரொட்சைட்டாகவும் நீராவியாகவும் மேலேறிவிட, உலோகங்கள் தத்தம் இயல்புக்கேற்பப் பிரிந்து நிற்கின்றன. 1085 பாகையில் உருகும் செம்பும் 1538 பாகையில் உருகும் இரும்பும் பெரும்பாலும் திடநிலையிலேயே அடிச்சாம்பலில், அதாவது உலையின் தட்டில் எஞ்சும் கரடான சாம்பலில் தங்குகின்றன. 660 பாகையில் உருகும் அலுமினியம் துளித்துளியாக உறைந்து அதிலேயே கலக்கிறது. 767 பாகையில் கொதிக்கும் கட்மியமும் 907 பாகையில் கொதிக்கும் துத்தநாகமும், குளோரைட்டாக மாறி ஆவியாகும் ஈயத்தின் ஒரு பகுதியும் புகையோடு சென்று, புகை குளிரும் இடத்தில் பறக்கும் சாம்பல் எனப்படும் நுண்தூளில் படிகின்றன. எரிக்கப்பட்ட கழிவின் எடையில் ஏறத்தாழ நான்கில் ஒரு பங்கு அடிச்சாம்பலாக மிஞ்சுகிறது. அதிலிருந்து இரும்பைக் காந்தத்தாலும், செம்பையும் அலுமினியத்தையும் சுழல் மின்னோட்டப் பிரிப்பானாலும், அதாவது மாறும் காந்தப்புலத்தால் காந்தமல்லாத உலோகத்தையும் உந்தித் தள்ளும் பொறியாலும் எடுக்கின்றனர். நஞ்சு செறிந்த பறக்கும் சாம்பலை அமிலத்தில் கழுவித் துத்தநாகத்தைத் தூய நிலையில் மீட்கும் முறை சுவிற்சர்லாந்தின் சுக்வில் நகரில் 2012 முதல் நடைமுறையில் உள்ளது. இவ்வளவும் காட்டுவது, தீ கழிவை வகைப்படுத்துகிறது என்பதையே. நல்லதைச் செறிவாக்கும் அதே தீ நஞ்சையும் செறிவாக்குகிறது.

உள்ளது அழியாது, இல்லது தோன்றாது என்பது சைவ சித்தாந்தம் ஏற்கும் சற்காரியவாதம். காரியம் தோன்றுமுன் காரணத்தில் உள்ளது என்றும், அழிவு எனப்படுவது காரியம் காரணத்தில் ஒடுங்குதலே என்றும் கூறும் கொள்கை இது. மெய்கண்டாரின் சிவஞானபோதம் உலகின் தோற்ற ஒடுக்கங்களை இவ்வாறே விளக்குகிறது. இந்நெறியில் பதியும் பசுவும் பாசமும், அதாவது இறைவனும் உயிரும் உயிரைப் பிணிக்கும் தளையும், மூன்றும் அநாதி. எனவே ஆணவம் எனப்படும் மூலமலம் உயிரை விட்டு நீங்கும்போது இல்லாமற் போவதில்லை. அதன் மறைக்கும் ஆற்றல் மட்டுமே மடங்குகிறது. மலம் என்னும் பொருள் நிலைத்தே நிற்கிறது. இதனை விளக்கச் சித்தாந்த நூல்கள் மீண்டும் மீண்டும் எடுத்தாளும் உவமை செம்பும் களிம்பும் ஆகும். செம்பு என்று தோன்றியதோ அன்றே களிம்பும் அதனோடு உள்ளது. புளியிட்டு விளக்கினால் ஒளிரும் செம்பு, விட்டுவிட்டால் மீண்டும் பச்சை பூக்கும். பாசி படர்ந்த நீரில் கல்லெறிந்தால் விலகும் பாசி மறுபடி மூடிக்கொள்வதை மெய்கண்டாரின் வெண்பா ஒன்று சுட்டுவதும், மலவாசனை திரும்பத் தாக்காதிருக்கத் திருக்கோயில் வழிபாட்டையும் அடியார் உறவையும் இறுதி நூற்பா வலியுறுத்துவதும் இக்கருத்தின் தொடர்ச்சியே. தூய்மை, இந்நோக்கில், ஒரு நாளில் முடிந்துவிடும் செயலாக இராமல் காவலோடு தொடரும் நிலையாகிறது.

களிம்பு நீங்கிய செம்பு என்னவாகிறது என்பதில் யாழ்ப்பாணத்துக்கும் தமிழகத்துக்கும் இடையே நடந்த விவாதம் குறிப்பிடத்தக்கது. இரதகுளிகை, அதாவது பாதரசத்தால் ஆக்கியதாகக் கருதப்பட்ட குளிகை, செம்பைத் தொட்டதும் களிம்பு அற்றுச் செம்பு பொன்னாகும் என்பது பழைய இரசவாதிகளின் நம்பிக்கை. அதுபோல மலம் அற்ற உயிர் சிவமே ஆகி ஐந்தொழிலும் செய்யும் என்றது சிவசமவாதம். அருணந்தி சிவாசாரியார் சிவஞானசித்தியாரில் இந்த உவமையை எடுத்துக்கொண்டு, இறைவன் குளிகையைப் போன்றவன், மலத்தைப் போக்கும் குளிகை தானே பொன்னாவதில்லை, தூய உயிருக்கு உரியது சிவானுபவம் மட்டுமே என்று விடை கூறினார். போர்த்துக்கேயர் காலத்தில் யாழ்ப்பாணத்துத் திருநெல்வேலியிலிருந்து தமிழகம் சென்ற ஞானப்பிரகாசர் சித்தியாருக்கு எழுதிய உரையில் சிவசமவாதச் சார்பு உள்ளது எனக் கண்ட சிவஞான முனிவர், பதினெட்டாம் நூற்றாண்டில் சிவசமவாத உரைமறுப்பை இயற்றினார். இவ்விவாதத்தின் உட்பொருள் உலோக மீட்புக்கும் பொருந்துவது: மாசு நீக்கும் செயலால் பொருள் தன் இயல்பில் விளங்குமேயன்றி வரம்பற்ற ஆற்றல் பெறாது. மீட்ட செம்பு செம்பே. அதனை மீட்பதால் மனிதன் படைப்போன் ஆவதில்லை. முழுமையாக மீட்கும் வழியும் இல்லை, ஏனெனில் ஒவ்வொரு சுற்றிலும் சிறிது சிதறிப் போக, மீட்புக்கு வெளியிலிருந்து ஆற்றல் செலவாகிக்கொண்டே இருக்கிறது.

சித்தியாரின் மற்றொரு விளக்கம் இன்னும் நெருங்கி வருகிறது. உடலும் கருவிகளும் மாயையின் ஆக்கம்; மாயையும் மலமே; அவ்வாறாயின் மலத்தைக் கொண்டு மலத்தைக் கழுவுவது எப்படி என்னும் தடைக்கு, சாணியையும் உவர்மண்ணையும் ஆடையில் ஏற்றியே அதன் அழுக்கை நீக்குகின்றனர் என்று அருணந்தியார் விடையிறுக்கிறார். சுவிற்சர்லாந்தில் பறக்கும் சாம்பலைக் கழுவப் பயன்படும் அமில நீர், அதே உலையின் புகையைக் கழுவியதால் உண்டான கழிவுநீர் என்பதை இதனோடு ஒப்பிடலாம். கழிவு என ஒதுக்கியதற்குள்ளேயே கழிவை நீக்கும் கருவியும் உள்ளது என்னும் இவ்வறிவு, பொருளுலகை வெறுத்து ஒதுக்காமல் அதனை உயிருக்கு உதவும் துணையாகக் கண்ட சித்தாந்தத்தின் நிதானத்திலிருந்து பிறந்தது.

இங்கு ஒரு தடை எழும். ஆணவம் அறிவை மறைப்பது, ஈயம் உடலைக் கெடுப்பது. உவமைக்காக வந்த உலோகத்தை நெறிக்குரிய அளவுகோலாக்குவது இருவேறு தளங்களைக் குழப்புவதாகும் என்பது அத்தடை. அது நியாயமானதே. ஆயினும் உவமையை விட்டுவிட்டாலும் சற்காரியவாதம் பொருளைப் பற்றிய நேரடிக் கூற்றாகவே நிற்கிறது. மாயையின் காரியமாகிய எதுவும் ஒடுங்குமே தவிர இல்லாமற் போகாது என்று நம்பும் ஒருவர், குப்பையைக் கொளுத்திவிட்டு அது தொலைந்தது என்று கருதினால், தம் சமயத்தின் அடிப்படைக் கொள்கையையே மறுத்தவராகிறார்.

சாம்பலைப் பற்றிச் சைவ மரபு வகுத்த விதிகளும் இதனை உறுதிசெய்கின்றன. திருநீறு கற்பம், அநுகற்பம், உபகற்பம், அகற்பம் என நால்வகைப்படும் என்றும், இறுதியது ஏற்கத்தகாதது என்றும் நூல்கள் கூற, நல்லூர் ஆறுமுக நாவலரின் சைவ வினாவிடை வழியே இவ்வகைப்பாடு யாழ்ப்பாணத்துச் சிறுவர் பாடமும் ஆயிற்று. நோயற்ற பசுவின் சாணத்தை நிலத்தில் விழுமுன் ஏந்தி விதிப்படி எரித்து எடுப்பது கற்பம். காட்டில் உலர்ந்து கிடந்த சாணத்திலிருந்து ஆக்குவது அநுகற்பம். காட்டுத்தீயிலும் தீப்பற்றிய மாட்டுத் தொழுவத்திலும் சூளையிலும் எஞ்சிய சாம்பலைத் துணியில் அரித்து, கோசலம் விட்டு உருண்டையாக்கி, மீண்டும் முறைப்படி எரித்து எடுப்பது உபகற்பம். இவ்விதிகளுக்குப் புறம்பானது அகற்பம். எரித்ததெல்லாம் தூயது என்று மரபு கருதியிருந்தால் இப்பாகுபாட்டுக்குத் தேவையே இராது. தீயில் இட்டது எது, அது எங்கிருந்து வந்தது, யார் எவ்வாறு எரித்தனர் என்று விசாரித்த பிறகே சாம்பல் நெற்றிக்கு ஏறியது. தற்செயலாக எரிந்தவற்றின் சாம்பலும், அரித்துப் பிரித்து மறுபடி பதப்படுத்திய பின்னரே ஏற்கப்பட்டது. இன்றைய எரியுலைகளின் அறமும் உள்ளே செல்வதைப் பிரித்தறிவதில்தான் தொடங்குகிறது. மின்கலம் கலந்த குப்பையின் சாம்பலை எந்த வடிகட்டியும் முழுதாகச் செம்மைப்படுத்த இயலாது.

தீவகத்தின் பிற சமயங்களும் உலோகத் தூய்மையை உவமையாக்கியுள்ளன. நயினாதீவில் நாகபூசணி அம்மன் கோயிலுக்கு அருகே நாகவிகாரையைப் போற்றும் பௌத்தரின் அங்குத்தர நிகாயத்தில், பொன்மண்ணைக் கழுவுவோன் முதலில் கல்லும் ஓடும் போன்ற பெரிய மாசுகளையும், பின்னர் பருமணலையும், கடைசியில் நுண்மணலையும் கரிய தூளையும் நீக்குவது போலத் துறவி தன் மனத்தின் மாசுகளைப் படிப்படியாகக் களைய வேண்டும் எனப் புத்தர் கூறும் சூத்திரம் உண்டு. தீவுகளின் கத்தோலிக்கர் படிக்கும் விவிலியத்தில், மலாக்கி ஆகமத்தின் மூன்றாம் அதிகாரம் இறைவனை வெள்ளியைப் புடமிட அமர்ந்திருப்பவராகக் காட்டுகிறது. முதலாவது உவமை, மாசு நுண்ணியதாகுந்தோறும் அதை நீக்கும் உழைப்பு கூடும் என்னும் உண்மையைச் சொல்கிறது. இரண்டாவது, புடமிடுவோர் உலைக்கு அருகிலேயே இருக்க வேண்டும் என்பதைச் சொல்கிறது. ஆனால் இரண்டும் பொன்னிலும் வெள்ளியிலும் முடிந்துவிடுகின்றன. கழுவிய நீரும் நீக்கிய கசடும் எங்கே சென்றன என்று அவை வினவுவதில்லை. மலத்தை அநாதி எனக் கொண்டதால் அதற்கும் ஒரு நிலையைச் சொல்லவேண்டிய கடப்பாடு சித்தாந்தத்துக்கு இருந்தது. கழிவைப் பற்றிச் சிந்திப்போருக்கு அதன் தனிப்பயன் இங்கேயே உள்ளது.

மீட்ட உலோகம் யாருக்கு உரியது என்பது அடுத்த வினா. இழந்ததாகக் கருதப்பட்ட பொருள் மீளும்போது அதைப் பங்கிடும் முறைக்குத் தீவகத்திலேயே தொன்மையான சான்று கிடைக்கிறது. நயினாதீவில் உள்ள, பன்னிரண்டாம் நூற்றாண்டில் முதலாம் பராக்கிரமபாகு வெளியிட்ட தமிழ்க் கல்வெட்டு, ஊராத்துறைக்கு வரும் வெளிநாட்டு வணிகரைக் காக்கும்படி பணித்து, யானையும் குதிரையும் கொண்டுவரும் மரக்கலம் கெட்டால் நான்கில் ஒரு பங்கைப் பண்டாரம், அதாவது அரச கருவூலம், எடுத்து மூன்று பங்கை உடையவனிடம் விட வேண்டும் என்றும், வணிகப் பண்டம் ஏற்றிய மரக்கலம் கெட்டால் செம்பாதி பண்டாரத்துக்கும் செம்பாதி உடையவனுக்கும் உரியது என்றும் விதிக்கிறது. கடல் விழுங்கி ஒதுக்கியதாலேயே ஒரு பொருள் உடையவனற்றதாகிவிடாது என்பதும், மீண்ட பொருளில் பொதுமைக்கும் பங்குண்டு என்பதும் இவ்விதியின் உட்கருத்துகள். தீ ஒதுக்கியதைப் பற்றி இதே வினா நம் காலத்தில் ஜேர்மனியில் எழுந்தது. தகனசாலையின் சாம்பலில் கிடைத்த பற்களின் பொன்னும் இறந்தவரின் சாம்பலைச் சேர்ந்ததே, அதனை எடுத்துக்கொள்வது இறந்தோரின் அமைதியைக் குலைக்கும் குற்றம் என 2015 இல் அந்நாட்டுக் கூட்டாட்சி நீதிமன்றம் தீர்ப்பளித்தது. காடாற்றிச் சாம்பலைக் கடலில் கரைக்கும் தமிழருக்கும் இத்தீர்ப்பு அயலானதன்று. உலோகம் என்று நோக்கினால் அது விலைப்பொருள், உடலோடு இருந்தது என்று நோக்கினால் அது கடமைக்குரியது.

கல்வெட்டு உடையவனையும் பண்டாரத்தையும் மட்டும் கருதியது. மாசைத் தாங்கும் இடத்துக்கும், மாசைக் கையாள்வோருக்கும் உரிய மூன்றாம் பங்கை இக்காலமே சேர்க்க வேண்டும். 2022 ஆம் ஆண்டு உலகில் உண்டான மின்னணுக் கழிவு 6 கோடியே 20 இலட்சம் தொன் என்றும், அதில் முறையாகத் திரட்டி மீட்கப்பட்டது 22.3 விழுக்காடு மட்டுமே என்றும் ஐக்கிய நாடுகளின் அமைப்புகள் பங்கேற்ற மதிப்பீடு கூறுகிறது. எஞ்சியதில் ஒரு பகுதி, கம்பியின் உறையை எரித்துச் செம்பை எடுப்போரும் மின்கலத்தை உடைத்து ஈயத்தை உருக்குவோருமாகிய வறியவரின் மூச்சின் வழியே கடந்து செல்கிறது. பிறர் வீட்டின் தூய்மைக்காக மாசைத் தொடுவோரையே மாசுடையோர் என விலக்கிவைத்த வழக்கம் தமிழ்ச் சமூகத்திலும் நிலவியது. மலம் எல்லா உயிர்க்கும் அநாதியே பொது என்னும் சித்தாந்தத்தோடு இவ்வழக்கம் ஒருபோதும் பொருந்தாது. களிம்பு அதனை விளக்குபவன் கையிலிருந்து செம்புக்கு வந்ததன்று.

நெடுந்தீவுக்கு இவற்றிலிருந்து தெளியும் கடமை எளிதில் சொல்லக்கூடியது. தீவுக்குள் உலோகத்தைக் கொண்டுவருவோர் யாராயினும், அது வாழ்ந்து முடிந்த பின் திரும்ப எடுத்துச் செல்லும் செலவையும் முதல் நாளிலேயே விலையில் சேர்த்தல் வேண்டும். அதுவரை பழுதான தகடும் மின்கலமும் மழையும் தீயும் தீண்டாமல், கிணற்றுநீரை விட்டு விலக்கி வைக்கப்பட வேண்டும். மீட்பில் வரும் வருவாயில் தீவுக்குப் பங்கு இருத்தல் வேண்டும். உயிரின் களிம்பைக் களைய அருள் என்னும் குளிகை உண்டு என்பது சைவரின் உறுதி. பொருளின் களிம்புக்கு அத்தகைய குளிகையை எந்த நூலும் வாக்களிக்கவில்லை. அங்கே பிரிப்பதும் காப்பதும் திருப்பி அனுப்புவதும் மனிதரின் வேலையாகவே விடப்பட்டிருக்கின்றன. அவ்வேலையைச் செய்யாமல் தீயிடம் ஒப்படைப்பவர், தம் மாசைத் தமக்குத் தெரியாத ஒருவரின் கிணற்றுக்கு மாற்றியவரே ஆவார். சைவம் பேசும் தூய்மை அவருக்கு வாய்த்தது என்று கூற இடமில்லை.